முடிவு தெரிந்தவள்

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நாடு, இந்தப் பக்கம் ஒரு நாடு. நடுவில் ஓடுவது ஆறுதான் என்றாலும், இரண்டு அரசுகளும் அதை எல்லை என்றே அழைத்தன. இரண்டு கரையிலும் ஒரே மொழி, ஒரே மாதிரிக் குழாயடிச் சண்டை, ஒரே நடிகர் மேல் ஒரே பைத்தியம். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்தக் கரையில் ஒரு வெள்ளிக்கிழமை வெளியாகும் படம் இந்தக் கரைக்கு எந்த வெள்ளிக்கிழமை வரும் என்பது எவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் வரும் என்பதில் மட்டும் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

தாமதத்தை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது வேறு. அந்தக் கரையில் மாமனார் வீடு, மச்சினன் வீடு என்று போனவர்கள் படத்தையும் பார்த்துவிட்டு வந்து, "கடைசில பார்த்தா அந்தத் தம்பிதான் வில்லன்" என்று பால் வாங்குகிற வரிசையில் நின்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு முடிதிருத்தும் கடையில் கத்தி பிடித்தவர் வாய் தவறி முடிவைச் சொல்லிவிட, நாற்காலியில் இருந்தவர் பாதி மழித்த முகத்தோடு எழுந்து போய் அரசிடம் மனு கொடுத்தார். அரசு மக்களின் மனக்குறையை ஆழ்ந்து உணர்ந்தது. படத்தைச் சீக்கிரம் வரவழைப்பது என்ற எளிய வழியைப் பல கோணங்களில் பரிசீலித்துக் கைவிட்டது. பிறகு பாலத்தின் இந்த முனையில் 'கதைக்கசிவுத் தடுப்புச் சாவடி' என்ற ஒன்றைத் திறந்துவைத்தது.

அந்தச் சாவடியில் மூன்றாம் நிலைக் கேட்பாளராக ஒருவர் இருந்தார். கேட்பாளர் என்றால் கேள்வி கேட்பவர். பதிலைக் கேட்பவர் அல்ல. பதிலைக் காதால் கேட்டால் கதை உள்ளே போய்விடும், பிறகு கேட்பாளரையே பிடித்து அடைக்க வேண்டிவரும். ஆகவே பயணிகள் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். கேள்விக்கும் விதி இருந்தது. படம் என்று ஒன்று இருப்பதாகவோ, அதற்கு முடிவு என்று ஒன்று இருப்பதாகவோ கேள்வி எவ்வகையிலும் உணர்த்தலாகாது. எனவே கேட்பாளர் நாள் முழுக்கக் கேட்டது இதைத்தான்:

"அந்தக் கரையில் தங்கியிருந்த காலத்தில், இருட்டான ஓர் இடத்தில், பலரோடு ஒரே திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்களா?"

ஆம் என்று தலையாட்டியவர்கள் பக்கத்திலிருந்த 'கதையறிந்தோர் தங்கல்' என்ற இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அது முன்பு உரமூட்டை அடுக்கிவைத்த கிடங்கு. படம் இந்தக் கரையில் வெளியாகும் வரை அவர்கள் அங்கே இருக்க வேண்டும். விளக்கு எரியாத பேருந்தில் தூங்கிக்கொண்டு வந்த ஒரு வயசாளியும் உள்ளதைச் சொல்லித் தலையாட்டியதால் உள்ளே இருந்தார். அவரிடம் மேற்கொண்டு விசாரிக்கப் போனால் படத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும் என்பதால் யாரும் விசாரிக்கவில்லை.

ஊரில் ஒரு புது நாகரிகமும் பரவியது. கதை காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நாலு பேர் காதில் பஞ்சு வைத்தார்கள். நாலு பேர் வைத்ததைப் பார்த்து நாற்பது பேர் வைத்தார்கள். துணிக்கடைகளில் உடுப்பின் நிறத்துக்கு ஏற்ற பஞ்சு வந்தது. காதில் பஞ்சில்லாமல் கல்யாணத்துக்குப் போனவர்களை, எந்தப் படத்துக்கும் ஏங்காத ரசனை கெட்ட ஜென்மங்கள் என்று ஊர் ஒதுக்கியது. எல்லாரும் பஞ்சு வைத்திருந்ததால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லாரும் அழகாக இருந்தார்கள்.

கல்யாணங்களுக்குப் போகையில் கேட்பாளரும் பஞ்சு வைத்தார். ஆனால் இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. அவருக்கு இரண்டே ஆசைகள். ஒன்று, அந்தக் கரையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த அந்த நடிகரின் புதுப் படத்தை முடிவு தெரியாமல் முதல் நாள் முதல் காட்சி பார்ப்பது. இரண்டாவது, அக்கா பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று ஒத்தாசைக்கு அந்தக் கரைக்குப் போன மனைவி சீக்கிரம் வீடு வந்து சேர்வது.

மனைவியைத் தெருவில் எல்லாரும் 'வானொலி' என்பார்கள். காலையில் கண் விழிக்கும்போது ஆரம்பித்தால், விளக்கை அணைத்த பிறகும் ஒரு பத்து நிமிஷம் ஓடும். எந்த வீட்டில் என்ன சண்டை, எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தோற்றது, எந்தக் கடைக்காரர் எடையில் கை வைக்கிறார், எல்லாம் அதில் வரும். ரகசியம் என்று சொல்லி அவளிடம் ஒன்றைக் கொடுத்தால், கொடுத்தவர் தெருமுனை திரும்புவதற்குள் அது அவருக்கு முன்னால் போய் நிற்கும். கேட்பாளர் நாள் முழுக்கப் பதில் கேட்காத வேலை பார்ப்பவர். வீட்டுக்கு வந்து அவள் பேச்சைக் கேட்டால்தான் காது காதாக இருக்கும். அவள் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருந்தது. சோறு குழைந்தது, குழம்பு தீய்ந்தது. ஆனால் அதைவிட, குழைந்துவிட்டது என்று திட்ட ஆளில்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் காலை, வரிசையில் வானொலி நின்றாள். இரண்டு கையிலும் பை. முகமெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, இளைச்சுப் போயிட்டீங்க. சாப்பிட்டீங்களா இல்லையா?"

"பயணி பேசக் கூடாது" என்றார் கேட்பாளர். பக்கத்து நாற்காலியில் மேற்பார்வையாளர் இருந்தார். "தலைய மட்டும் ஆட்டணும். அந்தக் கரையில் தங்கியிருந்த காலத்தில், இருட்டான ஓர் இடத்தில்..."

"படத்துக்குப் போனியான்னு கேக்குறீங்களா? போனேங்க. அக்காதான் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குறேன்னு இழுத்துட்டுப் போனா. குழந்தை என் மடியில. பாட்டெல்லாம் பிரமாதம். ஆனா அந்த முடிவப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

கேட்பாளர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மேற்பார்வையாளர் மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரமாகப் பஞ்சைத் தேடினார்கள்.

"முழுசா கேளுங்களேன். முடிவு என்னன்னா நான்..."

"கூட்டிட்டுப் போங்க, கூட்டிட்டுப் போங்க" என்று மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அப்படித்தான் கேட்பாளர் தன் மனைவியைத் தன் கையாலேயே கிடங்குக்கு அனுப்பினார். பைகளை மட்டும் வீட்டுக்கு எடுத்துப்போனார். ஒன்றில் அவருக்கு ஒரு புதுச் சட்டை இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கிடங்குக்குள் இருந்தவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நாடெங்கும் படத்தைப் பற்றிப் பேசத் தடை இல்லாத ஒரே இடம் அதுதான். அவர்கள் தினமும் படத்தை நடித்துப் பார்த்தார்கள். ஒரே முடிவை எத்தனை நாள் நடிப்பது என்று அலுத்துப்போய், நாளுக்கொரு முடிவாக மாற்றினார்கள். கொஞ்ச நாளில் எது படத்தில் வந்தது, எது கிடங்கில் வந்தது என்று அவர்களுக்கே மறந்துபோனது. விளக்கில்லாத பேருந்தில் வந்த வயசாளிதான் கதாநாயகன்.

சாயங்காலம் கம்பி வேலிக்கு வெளியே கேட்பாளர் வந்து நிற்பார். வானொலி கையை ஆட்டி ஏதோ சைகை காட்டுவாள். சைகையிலும் கதை கசியலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்ததால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்ப்பது?

கடைசியில் பொறுக்கமாட்டாமல் மேற்பார்வையாளரிடம் கேட்டார்.

"சார், படம் எப்பத்தான் வரும்?"

"தணிக்கையில இருக்கு."

"அது தெரியும் சார். தணிக்கையில எந்த இடத்துல இருக்கு?"

"இது என்ன கேள்வி? நம்ம வேலை கேக்குறதுதான், தெரிஞ்சுக்கிறது இல்ல" என்றார் மேற்பார்வையாளர்.

கேட்பாளர் ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் திரைப்படத் தணிக்கைக் குழுவின் அறை. உள்ளே வெள்ளைத் திரை ஒன்று தொங்கியது. எதிரே நாலு உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

"என்ன சார் பார்க்குறீங்க?"

"படம் வரும்னு பார்க்குறோம்" என்றார் தலைவர். "மழைக்கு முன்னாடியே அனுப்பிட்டதாச் சொன்னாங்க. இன்னும் எங்க கைக்கு வரல."

"தணிக்கைக்கு அனுப்பியாச்சுன்னு சொல்றாங்களே."

"நாங்கதானே தணிக்கை" என்றார் தலைவர். சொன்ன பிறகு அவருக்கே ஒரு சந்தேகம் வந்து மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார்.

கேட்பாளருக்கு அப்போதுதான் மண்டையில் விளக்கெரிந்தது. அந்தக் கட்டடத்தில் தணிக்கை என்று சொல்ல இன்னொன்றும் உண்டு. மேல்தளத்தில், கணக்குத் தணிக்கை. பெட்டியின் மேல் யாரோ 'தணிக்கைக்கு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். தூக்கி வந்தவர் படியேறிப் போய்விட்டார். கேட்பாளரும் படியேறினார்.

மேல்தளத்தில் மூத்த தணிக்கையாளர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு படமும் பார்க்காதவர். அவர் எதிரில் சுவரில் கதாநாயகன் காலைத் தூக்கியபடி அசையாமல் நின்றான். காலுக்கு நேரே ஓர் அடியாள் காற்றில் மிதந்தான். பக்கத்தில் ஒருவர் குச்சியை வைத்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"சார், இது உங்களுக்கு வர வேண்டியதில்ல. கீழ வேற தணிக்கைக்கு வந்தது" என்றார் கேட்பாளர்.

"தெரியும். வந்த அன்னிக்கே தெரியும்."

"அப்ப கீழ அனுப்பிடலாமே சார்?"

மூத்த தணிக்கையாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "வந்த பொருளத் தணிக்கை பண்ணாம அனுப்பினா, ஏன் பண்ணலைன்னு எங்க மேலயே தணிக்கைத் தடைன்னு ஆட்சேபணை விழும். பண்ணிட்டேன். நிறையத் தடைகள் இருக்கு. இவங்க படம் எடுத்த லட்சணத்தப் பாருங்க. மூணு வண்டியில பதினெட்டு அடியாள் வந்து இறங்குறாங்க. அடி வாங்கி விழுந்தது இருபத்து மூணு. மிகையா வந்த அஞ்சு பேர் யாரு? யார் அனுப்பினது?"

"எனக்குத் தெரியாதே சார்."

"கதாநாயகியோட அம்மா ஆரம்பத்துலயே இறந்துடுறாங்க. இடைவேளைக்கு அப்புறம் வந்து பாட்டுப் பாடுறாங்க. பணியில மறுபடி சேர்ந்ததுக்கு ஆணை எங்க?"

கேட்பாளர் ஓர் அடி முன்னால் வந்தார். "விளக்கம் குடுத்தா விட்டுடுவீங்களா சார்?"

"தாராளமா. ஆனா ஒரு பகுதியில இருக்குற தடை நீங்கினாத்தான் அடுத்த பகுதியத் திறக்க முடியும். இது வரைக்கும் முக்கால்வாசிதான் பார்த்திருக்கோம். விளக்கம் குடுக்கிறவர் படத்த நேர்ல பார்த்தவரா இருக்கணும். அப்படி ஒரு ஆள் இந்த நாட்டுல இருக்காங்களா?"

"ஒரு கிடங்கு நிறைய இருக்காங்க சார்" என்றார் கேட்பாளர். "நல்லாப் பேசுறவங்களா ஒருத்தங்க வேணும்னா, எனக்குத் தெரிஞ்சவங்களே இருக்காங்க."

கதையறிந்தவர் ஒருவரைக் கிடங்குக்கு வெளியே கொண்டுபோக ஒரு முறை இருந்தது. அதற்கு 'வாய்நீர்க் காப்பு' என்று பெயர். போகும் வழியில் பேசாதிருக்க, வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்ள வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் அதிகாரியின் முன்னிலையில் துப்ப வேண்டும். வானொலி இரண்டு கன்னமும் உப்ப, கணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் நடுவில் ஆட்டோவில் போனாள். அவ்வளவு நேரம் அவள் வாயடைத்து இருந்ததைக் கேட்பாளர் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. அவருக்கு அவள் மேல் இரக்கமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். மேற்பார்வையாளர் அதை விதியில் தேடிப் பார்த்து, தடை இல்லாததால் விட்டுவிட்டார்.

தண்ணீரைத் துப்பியதும் வானொலி ஒரு பெருமூச்சு விட்டு ஆரம்பித்தாள்.

"அந்த அஞ்சு பேரா? புது ஆள் இல்ல சார். அடி வாங்கி விழுந்தவங்கதான், பின்பக்கமா எழுந்து போய் மறுபடி வந்து அடி வாங்குறாங்க. அதுல ஒருத்தன் ரெண்டாந்தடவ மீசைய ஒட்டிக்கிட்டு வந்தான். நான் அப்பவே அக்காகிட்டச் சொன்னேன்."

மூத்த தணிக்கையாளரின் முகம் மலர்ந்தது. "ஆக, இருக்கிற ஆளையே திரும்பப் பயன்படுத்தியிருக்காங்க. இந்தச் சிக்கனம் நம்ம துறைகள்ல இல்ல" என்று சொல்லி எழுதிக்கொண்டார். "சரி, கதாநாயகன் கையில ஒரே ஒரு பை. பாட்டுல ஏழு சட்டை மாத்துறான். எங்கேயிருந்து வந்துச்சு?"

"பாட்டுன்னா கனவு சார். கனவுல போட்டது கனவோடயே போச்சு. பாட்டு முடிஞ்சதும் பாருங்க, பழைய சட்டையோடதான் நிப்பான்."

"பொருட்கள் திரும்ப ஒப்படைக்கப்பட்டன" என்று தணிக்கையாளர் சத்தமாகச் சொல்லி எழுதினார். "கதாநாயகிகிட்ட 'இந்த உயிர் உனக்குத்தான்'கிறான். அப்புறம் நண்பன்கிட்டயும் அதே உயிர் உனக்குத்தான்கிறான். ஒரே பொருள ரெண்டு பேருக்கு ஒதுக்கலாமா?"

"நடுவுல அவ சண்டை போட்டு, 'உன் உயிரும் வேணாம் ஒண்ணும் வேணாம்'னு சொல்லிட்டாளே சார். நீங்க கவனிக்கல. திரும்பி வந்ததத்தான் நண்பனுக்குக் குடுத்தான்."

"அருமை. அந்த அம்மா விவகாரம்? இறந்தவங்க மறுபடி வந்தது?"

"அவங்க வரல சார். மக நெனைச்சுப் பார்க்குறா, அவ்வளவுதான்."

"அதுக்கு ஆணை வேண்டாமா?"

"உங்களுக்கு உங்க அம்மா நினைப்பு வந்தா யார்கிட்ட சார் ஆணை வாங்குவீங்க?"

மூத்த தணிக்கையாளர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஒன்றும் எழுதாமல் அந்தத் தடையை அடித்துவிட்டார்.

"இனி கடைசிப் பகுதி மட்டும்தான். அதோட கணக்க முடிச்சிடலாம். சொல்லுங்கம்மா, முடிவுல என்ன ஆகுது?"

"அதத்தான் சார் முதல்லேர்ந்தே சொல்ல வர்றேன். அந்த முடிவு இருக்கே, அது எனக்கு..."

மேற்பார்வையாளர் துள்ளி எழுந்து அவள் வாய்க்கு நேரே டம்ளரை நீட்டினார். கேட்பாளரின் கை பழக்கதோஷத்தில் காதுக்குப் போய்விட்டது.

"இந்தக் கரையில வெளியாகாத முடிவ அரசு அலுவலகத்துல சொல்லலாகாது" என்றார் மேற்பார்வையாளர்.

"முடிவு தெரியாம நான் எப்படிக் கணக்க முடிக்கிறது? முடிக்காம எப்படி வெளியிடுறது?"

"நீங்களே கடைசிப் பகுதியத் திறந்து பாருங்க. பார்த்தீங்கன்னா உங்களையும் கிடங்குலதான் வைக்கணும்."

மூத்த தணிக்கையாளருக்கு அடுத்த மாதம் ஓய்வு. கிடங்கிலிருந்து ஓய்வு பெற அவருக்கு விருப்பமில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். திறந்தபோது அவர் முகத்தில் பேரானந்தம் தெரிந்தது.

"கடைசிப் பகுதிய நிலுவையில வெச்சுட்டு மத்தத விடுவிச்சிடலாம். ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தாப் போதும். நாம எல்லாக் கடிதத்துலயும் போடுறதுதான்."

அந்த வெள்ளிக்கிழமையே படம் வெளியானது. கீழ்த்தளத்து உறுப்பினர்கள் நால்வரும், மேல்தளமே தணிக்கை முடித்துவிட்டதால், வெள்ளைத் திரைக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கிடங்கும் திறக்கப்பட்டது. விதியில் 'படம் வெளியாகும் வரை' என்றுதான் இருந்தது, முழுப் படம் என்று இல்லை. வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு முடிவைச் சொன்னார்கள். ஒன்றில் நாயகன் செத்தான், ஒன்றில் வில்லன் திருந்தினான், வயசாளி சொன்னதில் எல்லாரும் பேருந்தில் ஏறித் தூங்கினார்கள். ஊர் யாரையும் நம்பவில்லை.

கேட்பாளர் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு மனைவியோடு முதல் காட்சிக்குப் போனார். அரங்கம் விசிலில் அதிர்ந்தது. கிணற்றடியில் நாயகனும் வில்லனும் நேருக்கு நேர் நின்றார்கள். இருவர் கையிலும் கத்தி. நாயகி ஓடிவந்தாள். "நில்லுங்க, நான் ஒரு உண்மையச் சொல்லணும்" என்றாள். திரை இருண்டது. வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது.

'முடிவு பின்னர் அறிவிக்கப்படும்.'

எல்லாரும் அடுத்த காட்சிக்காகத் திரையையே பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில், கழுத்தில் துண்டு போட்ட ஒரு விமர்சகர் எழுந்து மெதுவாகக் கை தட்டினார். "துணிச்சல்" என்றார். "வாழ்க்கைக்கு மட்டும் முடிவு உண்டா என்ன?" அவர் தட்டியதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் தட்டினார். புரியவில்லை என்று சொல்லப் பயந்து எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். பஞ்சு நாகரிகம் அன்றோடு ஒழிந்தது. இப்போது எதையும் பாதியில் நிறுத்துவதுதான் நாகரிகம். கல்லூரிப் பிள்ளைகள் வாக்கியத்தைப் பாதியில் விட்டார்கள். தையல்காரர்கள் ஒரு கை வைத்த சட்டைக்குக் கூடுதலாக வாங்கினார்கள்.

அரங்கத்திலிருந்து நடந்து வரும்போது கேட்பாளரால் அடக்க முடியவில்லை.

"இனிமே தாங்காது. யாரும் இல்ல. முடிவ என்கிட்ட மட்டும் சொல்லு."

"அதத்தாங்க பாலத்துலேர்ந்தே சொல்ல வர்றேன்" என்றாள் வானொலி. "முடிவு எனக்கும் தெரியாது."

கேட்பாளர் நின்றுவிட்டார்.

"அந்த நாயகி ஓடி வந்தாளா, அப்ப ஒரு சத்தம் போட்டாங்களா, குழந்தை வீல்னு அழ ஆரம்பிச்சிடுச்சு. எல்லாரும் உஸ்ஸு உஸ்ஸுன்னாங்க. தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அது அடங்குறதுக்குள்ள படம் விட்டு எல்லாரும் வந்துட்டாங்க. அக்காகிட்டக் கேட்டா, சொன்னா ருசி போயிடும், நீயே பார்த்துக்கோன்னுட்டா."

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு சொல்ல விட்டீங்க? முடிவுன்னு வாயெடுத்தாலே காதப் பொத்துறீங்க, தண்ணிய ஊத்துறீங்க."

கேட்பாளர் நடுத்தெருவில் நின்று சிரித்தார். அவளும் சிரித்தாள். அவ்வளவு நாளைக்கப்புறம் அவள் பக்கத்தில் நின்று சிரித்தது அவருக்கு அந்தப் படத்தின் எல்லா முடிவுகளையும்விட நன்றாக இருந்தது.

வீட்டு வாசலில் மேற்பார்வையாளர் ஓர் உறையோடு காத்திருந்தார். "நிலுவையில இருக்குற பொருளுக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கணும்னு தணிக்கையில சொல்லிட்டாங்க. முடிவறிந்தவர்னு குறிப்புல ஏறினது இவங்க மட்டும்தான். இவங்கள 'முடிவுக் காப்பாளர்', முதல் நிலையா நியமிச்சிருக்கு. முடிவ யாருக்கும் சொல்லாம இருக்குறதுதான் வேலை."

"சார், உள்ளதச் சொல்லிடுறேன். அந்த முடிவு எனக்கு..."

மேற்பார்வையாளர் காதைப் பொத்திக்கொண்டு, உறையை வாசற்படியில் வைத்துவிட்டு ஓடினார்.

"என்னங்க இது, தெரியாத ஒண்ணுக்கு நான் காவலா?"

"எங்க ஆபீசுல எல்லாரும் அந்த வேலைதான் பாக்குறோம்" என்றார் கேட்பாளர்.

அவள் முதல் நிலை, அவர் மூன்றாம் நிலை. இந்த இடத்துக்குப் பிறகு அவளை அவள் என்று எழுதுவது விதிமீறல். காப்பாளர் அவர்கள் மறுநாளே சாவடியில் கணவருக்குப் பக்கத்தில், அவருடையதைவிட உயரமான நாற்காலியில் அமர்ந்தார். முடிவு வெளியாகும் வரை, அதைச் சொல்ல வாயெடுப்பவர்களை மட்டும் கிடங்குக்கு அனுப்புவது என்று விதியும் திருத்தப்பட்டது.

முதலில் காப்பாளருக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. ஆனால் தெருவில் போனால் ஆட்கள் எழுந்து நின்றார்கள். "முடிவு என்னங்கம்மா?" என்று கெஞ்சினார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் லேசாகப் புன்னகைத்தால், "எவ்வளவு ஆழம் பாரு" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வாய் ஓயாமல் பேசிய காலத்தில் கிடைக்காத மரியாதை வாயை மூடியதும் கிடைத்தது. குழாயடியில் அவருக்கு வழி விட்டார்கள். அந்தக் கரைக்காரர்கள் பாலத்தைத் தாண்டிக் கும்பல் கும்பலாக இந்தக் கரைக்கு வந்து படம் பார்த்தார்கள். எங்கள் பக்கம் முடிவைக் காட்டிப் படத்தைக் கெடுத்துவிட்டார்கள், இங்கேதான் முழுசாகக் காட்டுகிறார்கள் என்று புலம்பினார்கள்.

காப்பாளர் வீட்டிலும் பேச்சைக் குறைத்தார். பேசிப் பழகினால் எதுவும் வாய் தவறிவிடும் என்றார். தவறி விழ உள்ளே ஒன்றும் இல்லையே என்று கேட்பாளர் சொன்னதற்கு, அது வெளியே தெரியக் கூடாது அல்லவா என்றார்.

"இன்னிக்கு என்ன சமையல்?" என்பார் கேட்பாளர்.

"பரிசீலனையில இருக்கு."

"பக்கத்து வீட்டுல ஏதோ சண்டை போலிருக்கே, என்னவாம்?"

காப்பாளர் புன்னகைப்பார்.

ஒரு நாள் காலை வரிசையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். காப்பாளரின் அக்கா. தங்கையைப் பார்த்ததும் அவள் முகம் பூரித்துவிட்டது. மேஜைமேல் சாய்ந்து, வரிசைக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தாள்.

"அடியே, எவ்ளோ பெரிய நாற்காலி! என்னடி இங்க முடிவையே வெட்டிட்டாங்களாமே? பாவம், நீ வேற அன்னிக்குப் பார்க்கலையே. சொல்லிடுறேன் கேளு. அந்தப் பொண்ணு ஓடி வந்தா பாரு, வந்து என்ன சொன்னான்னா..."

கேட்பாளர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பழைய வெளிச்சம் கண்ணில் வந்தது. உதடு பிரிந்தது. உடம்பு நாற்காலியிலிருந்து தன்னால் முன்னுக்குச் சாய்ந்தது. கேளு, கேளு என்று கேட்பாளரின் மனசு அடித்துக்கொண்டது. கேட்டுவிட்டால் இன்றைக்கு ராத்திரியே தன்னிடம் சொல்லிவிடுவாள், நாளைக்குத் தெருவுக்கே சொல்லிவிடுவாள், வேலை போகும், போகட்டும், வீட்டில் வானொலி மறுபடி பாடும். கேட்பாளர் தன் கைகள் காதுக்குப் போகாமல் மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

காப்பாளர் டம்ளரை எடுத்தார்.

"அக்கா, வாயத் திற" என்று சொல்லித் தன் கையாலேயே தண்ணீரை ஊற்றினார். "கிடங்குக்குக் கூட்டிட்டுப் போங்க."

அக்கா உப்பிய கன்னத்தோடு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். வரிசையில் நின்றவர்கள், முடிவைக் காப்பாற்றிவிட்டார் என்று கை தட்டினார்கள். குழந்தை மட்டும், அன்றைக்கு அரங்கத்தில் அழுதது போலவே, வீல் என்று அழுதுகொண்டு போனது. அதுவும் தேய்ந்து அடங்கியது.

சாயங்காலம் இருவரும் வீடு திரும்பினார்கள். காப்பாளர் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துப் புன்னகைத்தார். கேட்பாளர் காதில் ஏதோ அடைத்தது போலிருந்தது. பழைய பஞ்சு உள்ளேயே தங்கிவிட்டதோ என்று விரலை விட்டுத் துழாவினார். பஞ்சு ஒன்றும் இல்லை. கேட்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை.